மீண்டு வருபவனும் காத்திருப்பவளும்: ஜப்பானியப் பேய்க்கதைத் திரைப்படங்களின் ஈர்ப்பு

ஆய்வுச்சுருக்கம்

ஜப்பானிய மொழியில் 'கைடான்' எனப்படும் பழம்பேய்க்கதைகளைத் தழுவி 1950, 1960-களில் உருவான திரைப்படங்கள் இன்றும் பார்வையாளரை ஈர்க்கின்றன. அவ்வீர்ப்பிற்கு அச்சமே காரணம் என்னும் பொதுக்கருத்து போதுமானதன்று. மனைவியைப் பிரிந்து சென்ற கணவன் காலங்கடந்து இல்லம் திரும்பி, இறந்தவளோடு தங்கும் கதைக்கூறு கெஞ்சி மிசோகுச்சியின் 'உகெத்சு மொனொகதாரி' (1953), மசாகி கொபயாஷியின் 'க்வைடான்' (1964), கனெதோ ஷிந்தோவின் 'குரோநெகோ' (1968) ஆகிய மூன்று படங்களிலும் இடம்பெறுகிறது. அவள் இறந்துவிட்டாள் என்னும் உண்மையைப் பார்வையாளர் எப்பொழுது அறிகிறார், கணவன் எப்பொழுது அறிகிறான் என்னும் இடைவெளியே இப்படங்களின் ஈர்ப்புக்கு அடிப்படை என்பதை மூலக்கதைகளோடு ஒப்பிட்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கைடான், ஜப்பானியத் திரைப்படம், உகெத்சு, க்வைடான், குரோநெகோ, தழுவல், ஆவி.

முன்னுரை

ஜப்பானில் பேய்க்கதைக்குரிய பருவம் கோடை. இறந்த முன்னோர் வீடு திரும்புவதாகக் கருதப்படும் 'ஒபோன்' வழிபாடும் அப்பருவத்திலேயே நிகழ்கிறது. கபுகி அரங்குகள் கோடையில் பேய் நாடகங்களை நிகழ்த்தின. பின்னர்த் திரைப்பட நிறுவனங்களும் அப்பழக்கத்தைத் தொடர்ந்தன. ஆகவே, இக்கதைகளில் ஆவி என்பது எங்கிருந்தோ புகும் அயலார் அன்று. வீட்டிற்கு உரியவர், வீட்டிற்கே திரும்புபவர். பேய்ப்படம் என்றாலே திடுக்கிட வைக்கும் படம் எனக் கொள்ளும் பார்வையாளர், மிசோகுச்சியின் படத்தைக் கண்டு அச்சமே எழவில்லை எனக் கூறுவது இயல்பு. அக்கூற்று உண்மையே. ஆனால் அது குறையன்று.

கலைச்சொல் குறித்து ஒரு விளக்கம் தேவை. ஜப்பானிய மரபு 'யூரெய்' என்பதையும் 'பகெமோனோ' என்பதையும் வேறுபடுத்துகிறது. நாட்டாரியல் அறிஞர் குனியோ யனாகிதா, பின்னது குறிப்பிட்ட இடத்தைச் சார்ந்து தோன்றுவது என்றும், முன்னது குறிப்பிட்ட மனிதரைத் தேடி வருவது என்றும் பிரித்தார். இவ்வேறுபாட்டிற்கு விலக்குகள் பல உண்டு, எனினும் பயனுள்ளது. தமிழில் இரண்டையும் 'பேய்' என்னும் ஒரே சொல்லால் குறிப்பது கருத்து மயக்கம் தரும் என்பதால், இங்கு யூரெய் 'ஆவி' எனப்படுகிறது. ஆவிக்கு முகவரி உண்டு; யாரிடம் வந்திருக்கிறோம் என்பது அதற்குத் தெரியும்.

ஒரு கதையின் வழித்தடம்

கதையின் பழைய வடிவங்களுள் ஒன்று பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்த 'கொன்ஜாகு மொனொகதாரி' தொகுப்பில் உள்ளது. தலைநகரில் வறுமையில் வாடும் ஒருவன், மாகாண ஆளுநர் ஒருவரின் பணியாளாகச் செல்ல வாய்ப்புப் பெற்று, மனைவியைக் கைவிட்டு வேறொருத்தியை மணந்து செல்கிறான். பதவிக்காலம் முடிந்து திரும்புகையில் முதல் மனைவியின் நினைவு வாட்டுகிறது. பாழடைந்த வீட்டில் அவள் தனியே இருக்கக் காண்கிறான். இரவு முழுதும் பேசி உறங்குகிறான். விடியலில் அருகில் கிடப்பது உலர்ந்த பிணம். அண்டை வீட்டார் அவள் நோயுற்று இறந்ததையும், அடக்கம் செய்ய ஆளில்லாததையும் கூறுகின்றனர். கதை அங்கே நிற்கிறது. தண்டனை இல்லை, அறிவுரையும் பெரிதாக இல்லை.

உவேதா அகினாரி 1776-இல் வெளியிட்ட 'உகெத்சு மொனொகதாரி' ஒன்பது கதைகள் கொண்டது. அதிலுள்ள 'அசாஜி கா யாதோ' இவ்வழித்தடத்தில் வருவது. சீனக் கதைகளின் செல்வாக்கும் அதில் உண்டு. அகினாரி செய்த முதன்மையான மாற்றம் கணவனின் குற்றத்தைத் தளர்த்தியதாகும். கத்சுஷிரோ மனைவியை வெறுத்துப் பிரியவில்லை. பட்டு விற்றுப் பொருளீட்டக் கியோத்தோ செல்கிறான். இலையுதிர் காலத்தில் திரும்புவதாகச் சொல்கிறான். போர் மூள்கிறது, வழி அடைபடுகிறது, நோய் வருகிறது. ஏழு ஆண்டுகள் கழிகின்றன. குற்றம் யாருடையது என எளிதில் சொல்ல இயலாத நிலையில் வாக்கு மட்டும் முறிந்து கிடக்கிறது. தீயவன் ஒருவனைக் காட்டிப் பழி சுமத்தும் வசதியை அகினாரி வாசகருக்கு அளிக்கவில்லை.

மற்றொரு கிளை லஃப்காடியோ ஹெர்ன் வழியாக வருகிறது. கிரேக்கத் தீவொன்றில் பிறந்து ஜப்பானியக் குடிமகனாகி 1904-இல் தோக்கியோவில் மறைந்த ஹெர்ன், பழைய கொன்ஜாகு கதையை ஆங்கிலத்தில் மறுபடைப்புச் செய்து 1900-ஆம் ஆண்டுத் தொகுப்பொன்றில் சேர்த்தார். கொபயாஷியின் படம் இவ்வடிவத்தையே பின்பற்றுகிறது. ஜப்பானியக் கதையொன்று ஆங்கிலம் வழியாகச் சுற்றி மீண்டும் ஜப்பானியத் திரைக்கு வந்தமை நோக்கத்தக்கது; இல்லம் திரும்பும் கதைக்கு இதுவும் பொருத்தமே. ஹெர்னின் வடிவத்திலும் தண்டனை இல்லை. கணவன் வருந்துகிறான், அவள் அவ்வருத்தத்தைத் தடுத்து, அவன் தன்னைப் பழித்துக்கொள்ளலாகாது என்கிறாள். விடியலில் கரிய நீள்கூந்தல் கொண்ட பிணம் அருகில் கிடக்கிறது.

இவ்வடிவங்களுக்கு இணையாக 'நோஹ்' நாடக மரபையும் கருதவேண்டும். வழிச்செல்லும் ஒருவன் ஓரிடத்தில் யாரையோ சந்திக்கிறான். அவர் இறந்தவர் எனப் பின்னர் வெளிப்படுகிறது. தம் துயரை மீண்டும் நிகழ்த்திக் காட்டி மறைகிறார். இத்தகைய நாடகங்களைச் செப்பமுறச் செய்தவர் செஅமி. அவருடையதாகக் கருதப்படும் 'கினுதா'வில், வழக்கு ஒன்றின் பொருட்டுத் தலைநகர் சென்று மூன்றாண்டு திரும்பாத கணவனுக்காகக் காத்திருந்து இறந்த மனைவி, அவன் வந்தபின் ஆவியாகத் தோன்றிக் குறைகூறுகிறாள். கணவன் அங்குச் செய்யக்கூடியது கேட்பது ஒன்றே. பார்வையாளரின் நிலையும் அதுவே.

மிசோகுச்சி: பார்வையாளர் முன்கூட்டியே அறிதல்

மிசோகுச்சியின் படம் அகினாரியின் இரு கதைகளை இணைக்கிறது. காலத்தைப் பதினாறாம் நூற்றாண்டின் இறுதிக்கு மாற்றுகிறது. களத்தை பிவா ஏரிக்கரைக்குக் கொணர்கிறது. குயவன் கென்ஜூரோ போர்க்கால வணிகத்தில் பொருளீட்ட விழைகிறான். விற்ற பணத்தில் மனைவி மியாகிக்குக் கிமோனோ வாங்கி வருகிறான். துணியைவிட அவன் அன்பே தனக்கு மகிழ்ச்சி என்கிறாள் அவள். அச்சொல் அவன் காதில் விழவில்லை. பின்னர்ச் சந்தையூரில் கிமோனோக் கடை முன் நிற்கும்பொழுது, மியாகி அத்துணிகளைத் தொட்டு மகிழ்வதாக அவன் மனத்தில் ஒரு காட்சி தோன்றுகிறது. அடுத்த கணமே வகாசா சீமாட்டி அங்கு நிற்கிறாள். மனைவியைப் பற்றிய ஆசைக் கனவின் வாயில் வழியாகவே மற்றவள் நுழைகிறாள் என்பது இப்படத்தின் நுட்பமான இடங்களுள் ஒன்று.

வகாசாவும் இறந்தவளே. அழிக்கப்பட்ட குலத்தின் மகள். வாழ்வில் பெறாத அன்பை இறந்தபின் தேடி வந்தவள். நோஹ் முகமூடியை நினைவூட்டும் ஒப்பனையில் மச்சிகோ கியோ தோன்றும் அம்மாளிகைக் காட்சிகள் வெளிநாட்டு விமர்சகர்களால் மிகுதியும் புகழப்பட்டவை. அழகியவைதாம். ஆயினும் படத்தின் உயிர் அங்கு இல்லை. துறவி ஒருவர் உடலில் எழுதிய வடமொழி எழுத்துகளால் கென்ஜூரோ அவளிடமிருந்து தப்பி ஊர் திரும்பும் இடத்திலேயே கதை தன் மூலத்தை அடைகிறது.

இங்கு மிசோகுச்சி அகினாரியிடமிருந்து விலகுகிறார். மூலக்கதையில் மனைவி இறந்தமை வாசகருக்கு முன்னரே சொல்லப்படுவதில்லை, ஐயுறலாம், அவ்வளவே. படத்திலோ குழந்தையை முதுகில் சுமந்து செல்லும் மியாகியைப் பசித்த வீரர்கள் உணவுக்காக வழிமறித்து ஈட்டியால் குத்துவதைப் பார்வையாளர் கண்டுவிடுகிறார். எனவே கென்ஜூரோ வீட்டுக்கதவைத் திறக்கும்பொழுது 'அவள் இருக்கிறாளா' என்னும் கேள்வி பார்வையாளருக்கு இல்லை. திடுக்கிடுதலுக்கான வாய்ப்பை இயக்குநர் தாமே துறந்துவிட்டார். அதற்கீடாகப் பெற்றது என்ன?

விடை ஒரே ஷாட்டில் இருக்கிறது. கென்ஜூரோ உள்ளே வருகிறான். வீடு வெறுமை, அடுப்பு குளிர்ந்து கிடக்கிறது. மனைவியின் பெயரைச் சொல்லி அழைத்தபடி பின்பக்கமாக வெளியேறி வீட்டைச் சுற்றி நடக்கிறான். கஸுவோ மியாகவாவின் கேமரா உள்ளேயே நின்று, சாளரங்களினூடே அவனைத் தொடர்ந்து வந்த வழியே மெல்லத் திரும்புகிறது. திரும்பி முன்வாயிலை அடையும்பொழுது அடுப்பில் தீ எரிகிறது. மியாகி அருகில் அமர்ந்திருக்கிறாள். வெட்டு இல்லை, இசையால் அதிர்ச்சியூட்டல் இல்லை, உருவம் மங்கித் தெளியும் தந்திரமும் இல்லை. வெறுமையான வீடும் அடுப்பெரியும் வீடும் ஒரே இடத்தில், ஒரே தொடர்ச்சியில், சம உண்மையோடு உள்ளன. படத்தொகுப்பால் இதைச் செய்திருந்தால் 'இது மாயை' என்று வெட்டே அறிவித்திருக்கும். வெட்டு இல்லாமையால், அறிந்த உண்மையைச் சற்று நேரம் மறந்திருக்கப் பார்வையாளரே உடன்படுகிறார். இவ்வுடன்பாடே ஈர்ப்பின் கரு.

தொடரும் காட்சி அதனினும் எளியது. கணவன் தன் பிழையைச் சொல்லத் தொடங்குகிறான். களைத்திருக்கிறீர்கள், பேசவேண்டாம் என்று அவள் தடுக்கிறாள். ஹெர்னின் மனைவி கணவனின் தன்பழிப்பைத் தடுத்ததை இது ஒத்திருக்கிறது. ஆனால் இங்கு அச்செயல் இருமுனைப்பட்டது. மன்னிப்பு வழங்கப்படுகிறது, மன்னிப்புக் கேட்டு முடிக்கும் நிறைவு அவனுக்கு மறுக்கப்படுகிறது. மகனருகில் அவன் உறங்க, கினுயோ தனாகாவின் மியாகி விடியும்வரை விழித்திருந்து தையல் வேலை செய்கிறாள். ஆவி செய்யும் செயல் இதுவே: கிழிந்ததைத் தைப்பது. காலையில் ஊர்ப்பெரியவர் வந்து உண்மையைச் சொல்லும்பொழுது, பார்வையாளர் நெடுநேரம் தனியே சுமந்த அறிவைக் கென்ஜூரோ பகிர்ந்துகொள்கிறான். அக்கணத்தின் துயரம் புதிய செய்தியால் வருவதன்று. செய்தி சேரவேண்டியவனிடம் சேர்ந்ததால் வருவது.

கொபயாஷி: காலத்தின் கடன்

'க்வைடான்' நான்கு தனிக்கதைகள் கொண்டது. 1965 கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்ற இப்படத்தில் செவியிழந்த ஹோயிச்சியின் கதையே மிகுதியும் பேசப்படுகிறது. பனிப்பெண் கதையில் வானில் தீட்டப்பட்ட கண்களும் அவ்வாறே. முதற்கதையான 'கருங்கூந்தல்' அவற்றின் நிழலில் மறைந்துவிடுகிறது. இக்கட்டுரையின் பொருளுக்கு அதுவே முதன்மை.

கியோத்தோ சாமுராய் ஒருவன் வறுமைக்கு அஞ்சி, நெசவு செய்து தன்னைக் காத்த மனைவியைத் துறந்து உயர்குடிப் பெண்ணை மணக்கிறான். இங்குப் போரையோ நோயையோ காரணம் காட்ட வழியில்லை. குற்றம் முழுமையாக அவனுடையது. இரண்டாம் மண வாழ்வில் அவன் மனம் முதல் மனைவியின் தறியோசைக்கே திரும்புகிறது. மீண்டு வருகிறான்; அவள் மாறாமல் இருக்கிறாள். மாறாமையே அச்சுறுத்துவது. பல ஆண்டுகளுக்குப் பின்னும் அதே முகம், அதே கூந்தல், அதே வேலை. மிசோகுச்சியின் பார்வையாளர் அறிந்திருந்தார். கொபயாஷியின் பார்வையாளர் ஐயுறுகிறார். அறிகுறிகள் கண்முன் இருந்தும் அவற்றைப் படிக்க மறுப்பவன் கணவன் ஒருவனே.

விடியலுக்குப்பின் வருவது கொபயாஷியின் சொந்தச் சேர்க்கை. பழங்கதையும் ஹெர்னும் நிறுத்திய இடத்தில் படம் நிற்பதில்லை. கூந்தல் அசைகிறது, அவனைத் தொடர்கிறது. ஓடும் அவன் காலடியில் உளுத்த பலகைகள் நொறுங்குகின்றன. நொடிகளில் அவன் முதுமையடைகிறான். கூந்தல் துரத்தும் பகுதி மிகையானது என்று சொல்வதற்கு இடமுண்டு. இரவு முழுதும் அன்பாகப் பேசியவளைப் பழிவாங்கும் உருவாக மாற்றுவது அவளைச் சிறுமைப்படுத்துவதும் ஆகும். ஆனால் முதுமையைத் தனியே நோக்கினால் வேறொரு பொருள் கிடைக்கிறது. அவன் அவளைக் கைவிட்டது வறுமையிடம் மட்டுமன்று, ஆண்டுகளிடமும்தான். அவள் தனியே கழித்த ஆண்டுகள் அவன் முகத்தில் ஒரே காலையில் வந்து விழுகின்றன. அது பழியன்று, நிலுவை. நீரில் தன் முகத்தைக் கண்டு நடுங்குபவன் காண்பது அவளுடைய காலத்தையே.

தோரு தகெமித்சுவின் ஒலியமைப்பு இவ்விளக்கத்திற்குத் துணைநிற்கிறது. மரம் பிளக்கும் ஓசைகளை அவர் பயன்படுத்தினார். காட்சியில் பலகை முறியும் கணத்தோடு அவ்வோசை பொருந்துவதில்லை. நிகழ்ச்சி மௌனமாகவும், ஓசை காலந்தாழ்ந்தும் வருகின்றன. செயலுக்கும் விளைவுக்கும் இடையிலான காலப்பிசகைச் செவியால் உணரச் செய்யும் உத்தி இது. இயக்குநரின் வாழ்வையும் இங்குக் கருதலாம். கொபயாஷி படையில் சேர்க்கப்பட்டு மஞ்சூரியாவில் பணியாற்றியவர். சிப்பாய் நிலைக்குமேல் பதவி உயர்வை ஏற்க மறுத்தவர். போர் முடிவில் ஒகினாவாவில் சிறைப்பட்டுப் பின் நாடு திரும்பியவர். அவ்வாறு திரும்பிய ஒருவர் எடுத்த படத்தில் திரும்புபவனுக்கு மன்னிப்பு இல்லை என்பதைத் தற்செயல் எனத் தள்ளுவது கடினம். காரணகாரியத் தொடர்பாக நிறுவுவதும் இயலாது.

ஒரு விலக்கு

வெளிநாட்டு விழாக்களுக்காகப் புனையப்பட்ட கீழைநாட்டுக் கவர்ச்சியே இப்படங்களின் ஈர்ப்பு என்னும் மாற்றுக்கருத்தும் உண்டு. 1951-இல் 'ரஷோமொன்' வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வென்றபின் தாயேய் நிறுவனத் தலைவர் மசாயிச்சி நகாதா அச்சந்தையைக் கருதியது உண்மை. 'உகெத்சு'வும் 1953-இல் அவ்விழாவில் வெள்ளிச் சிங்கம் பெற்றது. ஆனால் உள்நாட்டுக் கோடைப் பார்வையாளருக்காக ஷின்தோஹோ நிறுவனம் தயாரித்த நொபுவோ நகாகவாவின் 'தோகாய்தோ யொத்சுயா கைடான்' (1959) விழா நோக்கம் ஏதுமின்றியே நிலைத்திருக்கிறது. நான்காம் நன்போகுவின் 1825-ஆம் ஆண்டுக் கபுகி நாடகத்தைத் தழுவிய இப்படத்தில் கணவன் எங்கும் செல்வதில்லை. வீட்டிலிருந்தே மனைவி ஒயிவாவை நஞ்சுக்கு ஆளாக்குகிறான். ஆகவே மீண்டு வருதல் இல்லை, அறிவின் இடைவெளியும் இல்லை. கதவுப்பலகையில் அறைந்து நீரில் விடப்பட்ட உடல் மேலெழும் காட்சி நேரடியான அச்சத்தையே நாடுகிறது. இங்கு முன்வைக்கப்படும் விளக்கம் அனைத்துப் பேய்ப்படங்களுக்கும் பொருந்துவதன்று என்பதற்கு இது சான்று.

ஷிந்தோ: இருவரும் அறிதல்

மிசோகுச்சியிடம் பயின்றவரும், 1975-இல் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவருமான ஷிந்தோ, 'குரோநெகோ'வில் கதையைத் தலைகீழாக்கினார். இங்குக் கணவன் விரும்பிப் பிரிந்தவன் அல்லன்; போருக்கு இழுத்துச் செல்லப்பட்ட உழவன். அவன் இல்லாதபொழுது சாமுராய்க் கூட்டமொன்று மூங்கில் தோப்பிலிருந்து வெளிப்பட்டு, நீரருந்தி, வீட்டிலிருந்த தாயையும் மனைவியையும் வன்கொடுமை செய்து வீட்டுக்குத் தீயிடுகிறது. உரையாடல் இல்லாத இத்தொடக்கம் பேய்க்காட்சிகள் அனைத்தையும்விடக் கொடியது. இறந்த இருவரும் சாமுராய்களின் குருதியைக் குடிப்பதாகச் சூளுரைத்து ஆவிகளாகின்றனர். போரில் பெயர்பெற்று மீளும் மகனோ சாமுராயாகவே மீள்கிறான். ராஜோமொன் வாயிலில் உலவும் ஆவிகளைக் கொல்லும் கடமை அவனுக்கே இடப்படுகிறது.

இதன் விளைவாக அறிவின் இடைவெளி விரைவில் மூடுகிறது. அவர்கள் யார் என அவன் உணர்கிறான். அவன் யார் என அவர்கள் அறிவர். முதலிரு படங்களில் கதையை நகர்த்திய அறியாமை இங்கு இல்லை. இருந்தும் ஈர்ப்பு குறையவில்லை. காரணம், அறிந்தபின் என்ன செய்வது என்னும் கேள்வியை ஷிந்தோ முன்வைப்பது. மனைவி தன் சூளுரையை மீறுகிறாள். கணவனின் குருதியைக் குடிக்காமல் அவனோடு ஏழு இரவுகள் வாழ்ந்து, அதன் விலையாக நரகம் செல்கிறாள். 'உகெத்சு'வில் இறந்தவள் கடமை தவறாதவள். இங்கோ இறந்தவள் அன்பிற்காகச் சொல் தவறுபவள். ஆனால் அவள் தவறும் சொல் கணவனுக்குக் கொடுத்ததன்று, பழிக்குக் கொடுத்தது. தாய் தவறவில்லை. ஆகவே மகனுக்கும் தாய்க்கும் இடையே எஞ்சுவது போர் மட்டுமே.

ஷிந்தோவும் போரிலிருந்து திரும்பியவர். தம்மோடு கடற்படையில் சேர்க்கப்பட்ட நூறு பேருள் உயிர்பிழைத்த ஆறு பேரில் அவர் ஒருவர். 1968 கான் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற இப்படம், அவ்வாண்டு மே மாதக் கிளர்ச்சியால் விழா இடையில் நிறுத்தப்பட்டமையால் உரிய கவனத்தைப் பெறவில்லை. ஆய்வாளரிடையேயும் 'ஒனிபாபா'வுக்கு (1964) அடுத்த நிலையிலேயே வைக்கப்படுகிறது. அம்மதிப்பீடு மறுபரிசீலனைக்கு உரியது. 'உகெத்சு'வில் திரும்பியவன் திரிகையில் அமர்ந்து வேலையைத் தொடர்கிறான். மனைவியின் குரல் அருகில் ஒலிக்கிறது. மகன் கல்லறையில் உணவு வைக்கிறான். 'குரோநெகோ'வில் அத்தகைய தொடர்ச்சி எதுவும் இல்லை. எரிந்த தன் பழைய வீட்டின் இடிபாட்டிலேயே அவன் வீழ்கிறான். பனி பெய்கிறது, எங்கோ ஒரு பூனை கத்துகிறது.